அபராதம் கருவூலத்துக்கு, இழப்பீடு யாருக்கு? குடிபோதை ஓட்டுநர் வழக்குகளில் பணத்தின் கணக்கு

குடித்துவிட்டு வாகனம் ஓட்டி ஒருவரைக் கொன்றவர்மீதான வழக்கில் தீர்ப்பு வரும்போது செய்தித்தாள்கள் இரண்டு எண்களை அச்சிடுகின்றன: எத்தனை ஆண்டு சிறை, எத்தனை ரூபாய் அபராதம். இரண்டாவது எண்ணைப் படிக்கும் பலரும் அந்தப் பணம் இறந்தவரின் குடும்பத்துக்குப் போய்ச் சேரும் என்றே எண்ணுகின்றனர். குடும்பத்தாரும் அவ்வாறே நம்பி, நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வரும் எனக் காத்திருக்கின்றனர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அபராதம் என்பது அரசுக்குச் சேரும் பணம். தீர்ப்பில் தனியாக ஒரு வரி எழுதப்பட்டால் மட்டுமே அதிலிருந்து ஒரு ரூபாயேனும் பாதிக்கப்பட்டோருக்கு வரும். அந்த ஒரு வரியைக் கேட்டுப் பெறுவது எப்படி, பெற்றபின் பணம் எங்கே தேங்குகிறது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

தென்காசி மாவட்டத்தின் வீரகேரளம்புதூர் வட்டத்தை எண்ணிப் பார்ப்போம். வயல்கூலி, பீடி சுற்றல், செங்கல்சூளை, நூறு நாள் வேலை ஆகியவற்றை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் சுற்றுவட்டாரச் சாலைகளில் வெளியூர் வாகனங்களும் பெருகுகின்றன. நடைபாதையற்ற சாலையோரத்தில் நடந்து செல்பவர் பெரும்பாலும் வண்டி இல்லாதவரே. அப்படி அதிகாலையில் வேலைக்கு நடந்து செல்லும் ஒரு தலித் தொழிலாளிமீது, போதையில் வந்தவரின் கார் மோதி அவர் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது எடுத்துக்காட்டுக்காக நாம் அமைத்துக்கொண்ட நிலைமை; குறிப்பிட்ட எந்த வழக்கையும் சுட்டவில்லை. இந்தக் குடும்பத்தின் பக்கம் நின்று சட்டத்தைப் படிப்போம்.

முதல் கணக்கு: அபராதம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பல போக்குவரத்துக் குற்றங்களைக் காவல்துறையிடமே பணம் செலுத்தி முடித்துக்கொள்ள அச்சட்டத்தின் 200ஆம் பிரிவு இடமளிக்கிறது. குடிபோதை ஓட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. அது நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும்.

அங்கு விதிக்கப்படும் அபராதம் நீதிமன்றத்தின் அபராதப் பதிவேட்டில் ஏறி, அங்கிருந்து கருவூலத்தில் செலுத்தப்பட்டு, மாநில அரசின் வருவாயாகிறது. அரசுக் கணக்கில் நீதி நிர்வாகத்தின்கீழ் ‘அபராதங்களும் பறிமுதல்களும்’ என்றே இதற்கு ஒரு தலைப்பு உண்டு. யாரும் காயப்படாத வழக்கில் இதில் குறை சொல்ல ஏதுமில்லை. உயிர் போன வழக்கிலும் நீதிபதி வேறு எதையும் எழுதாவிட்டால் பணம் இதே வழியில்தான் போகும்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக் நடத்துகிறது. நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை அகற்றக் கோரிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு என்ற அவ்வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்ற அந்த ஆணை அடுத்த ஆண்டே பல வகையில் தளர்த்தப்பட்டது. மது விற்ற பணமும் அரசுக்கு, குடித்து ஓட்டியதற்கான அபராதமும் அரசுக்கு என்ற நிலையில், இறந்தவரின் குடும்பத்துக்கு என்ன என்ற கேள்வியைத் தவிர்க்க இயலாது.

இரண்டாம் கணக்கு: இழப்பீடு

அந்தக் கேள்விக்கான விடை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதுவே 395ஆம் பிரிவு. இதில் இரண்டு வழிகள் உள்ளன. இரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது.

முதல் வழி: தண்டனையில் அபராதம் இருந்தால், அதன் முழுமையையோ ஒரு பகுதியையோ பாதிக்கப்பட்டவருக்கு வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிடலாம். வழக்கு நடத்திய செலவை ஈடுகட்டவும் அதே அபராதத்திலிருந்து எடுக்கலாம். மரணம் நேர்ந்த வழக்கில், 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டப்படி உரிமையுடைய மனைவி அல்லது கணவன், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்குப் பணம் சேரும். இந்த வழியில் ஓர் உச்சவரம்பு உண்டு: முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் விதிக்கக்கூடிய அபராதமே 50,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. பழைய சட்டத்தில் அது 10,000 ரூபாயாக இருந்தது.

இரண்டாம் வழி: தண்டனையில் அபராதம் இல்லாதபோது, குற்றவாளி இவ்வளவு தொகையை இழப்பீடாகத் தர வேண்டும் என்று நீதிமன்றம் நேரடியாக ஆணையிடலாம். இதற்குச் சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. நடுவர்களும் இந்த வழியில் தம் அபராத வரம்பைத் தாண்டிய இழப்பீட்டை வழங்கலாம் என்று பங்கஜ்பாய் நாக்ஜிபாய் பட்டேல் வழக்கில் (2001) உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆனால் தொகை நியாயமானதாகவும், குற்றவாளியின் செலுத்தும் திறனைக் கணக்கில் கொண்டதாகவும் இருக்க வேண்டும்.

ஆக, சிறிய அபராதம் ஒன்றை விதித்துவிட்டு இழப்பீடு பற்றி மௌனம் காக்கும் தீர்ப்பு, குடும்பத்துக்கு இரட்டை இழப்பு. அபராதமும் கிடைக்காது, வரம்பற்ற இழப்பீட்டுக்கான வழியும் அடைபடும். இதனால்தான் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீடு பற்றி நீதிமன்றம் மனம் செலுத்தி ஆராய்வது கடமை என்றும், வழங்கினாலும் மறுத்தாலும் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் கூறியது. இந்த அதிகாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள் என்று அதே நீதிமன்றம் ஹரி சிங் வழக்கில் 1988இலேயே சொல்லியிருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் மறுபடியும் சொல்ல நேர்ந்தது என்பதே நடைமுறை எப்படி இருந்தது என்பதைக் காட்டுகிறது.

அமெரிக்காவில் சில மாநிலங்கள் இன்னொரு வகைத் தொகையையும் சேர்க்கின்றன. கலிபோர்னியாவில், போதையில் விபத்து உண்டாக்கியவரிடமிருந்து காவல், தீயணைப்பு, மீட்புப் பணிகளுக்கான செலவை ஒரு நிகழ்வுக்கு 12,000 டாலர் வரை பொது நிறுவனங்கள் திரும்பப் பெறலாம். நமது 185ஆம் பிரிவில் அப்படியொரு ஏற்பாடு இல்லை. இங்கே 108 ஆம்புலன்சும், 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையும் அரசின் செலவு. அது நல்ல ஏற்பாடு. அதற்குப் பிறகான மருந்து, போக்குவரத்து, இழந்த கூலி ஆகியவை குடும்பத்தின் தலையில் விழுகின்றன. இழப்பீட்டு ஆணை ஈடுகட்ட வேண்டியது இவற்றைத்தான்.

மூன்றாம் கணக்கு: வைப்புத்தொகை

தீர்ப்பில் வரி எழுதப்பட்டுவிட்டது என்று கொள்வோம். பணம் அன்றே கைக்கு வராது. அபராதத்திலிருந்து வழங்கும் இழப்பீட்டை மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை, மேல்முறையீடு செய்யப்பட்டால் அது தீரும் வரை, கொடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதுவரை குற்றவாளி கட்டிய தொகை குற்றவியல் நீதிமன்ற வைப்புத்தொகையாகக் கணக்கில் நிற்கும். அரசின் வருவாய்க் கணக்கு வேறு, இந்த வைப்புக் கணக்கு வேறு. வருவாயில் சேர்ந்தது அரசின் பணம். வைப்பில் இருப்பது உங்கள் பணம்.

வைப்பில் இருக்கும் பணத்தை யாராவது விண்ணப்பித்துப் பெற வேண்டும். நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத்தொகை, பொதுவான கருவூல விதிகளின்படி மூன்று முழுக் கணக்காண்டுகள் கடந்தபின் காலாவதியான வைப்பாக அரசுக் கணக்குக்கு மாற்றப்படும். உரிமை அழிந்துவிடாது. ஆனால் திரும்பப் பெறுவதற்கான கடிதப் போக்குவரத்து மாநிலக் கணக்காயர் அலுவலகம் வரை நீளும். கூலி நாளை இழந்து நீதிமன்றத்துக்கு அலையும் குடும்பத்துக்கு அது ஏறக்குறைய இல்லை என்பதற்கு நிகர்.

இது கற்பனை அச்சம் அன்று. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயங்களிலும் தொழிலாளர் நீதிமன்றங்களிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் இழப்பீட்டுத் தொகை குறித்து உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. பல மாநிலங்களில் அத்தொகை நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் எனத் தெரியவந்தது. 2025 ஏப்ரல் 22 அன்று அளித்த தீர்ப்பில், மனுவிலேயே வங்கிக் கணக்கு விவரத்தைப் பெற வேண்டும், பணத்தை நேரடியாகக் கணக்கில் செலுத்த வேண்டும், கிடக்கும் தொகைகளின் விவரத்தை இணையத்தில் வெளியிட வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது. உரியவரின் முகவரி மாறியிருக்கலாம், அவர் இறந்திருக்கலாம், பணம் வந்த செய்தியே எட்டாமல் இருக்கலாம். வேலை தேடி ஊர் பெயரும் நிலமற்ற குடும்பங்களுக்கு இவை அனைத்தும் நேரக்கூடியவை.

இரண்டு வழக்குகள், இரண்டு கணக்குகள்

1999 ஜனவரி 10 அதிகாலையில் டெல்லி லோதி சாலையில் ஒரு பிஎம்டபிள்யூ கார் மோதி மூன்று காவலர்கள் உட்பட ஆறு பேர் இறந்தனர். இறந்தோர் குடும்பங்களுக்கு வழக்கின் தொடக்கத்திலேயே பணம் வழங்கப்பட்டது. 2012 ஆகஸ்ட் 3 அன்று சஞ்சீவ் நந்தா வழக்கில் இறுதித் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அதைக் கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று உறுதி செய்தது. சிறைத்தண்டனையை ஏற்கெனவே அனுபவித்த காலத்தோடு நிறுத்தியது. கூடவே 50 லட்சம் ரூபாயை ஆறு மாதத்துக்குள் மத்திய அரசிடம் செலுத்தவும், தவறினால் ஓராண்டு சிறை என்றும் ஆணையிட்டது. வாகனமும் ஓட்டுநரும் கண்டுபிடிக்கப்படாத விபத்துகளில் பாதிக்கப்பட்டோருக்கு அத்தொகை பயன்பட வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் உயர்ந்தது. அந்தப் பணம் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைத் தீர்ப்பைப் படித்து அறிய இயலாது.

2006 நவம்பர் 12 அதிகாலையில் மும்பை கார்ட்டர் சாலையில், நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்கள்மீது போதையில் ஓட்டப்பட்ட கார் ஏறியதில் ஏழு பேர் இறந்தனர். விசாரணை நீதிமன்றம் ஆறு மாதச் சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. உயர் நீதிமன்றம் அதை மூன்று ஆண்டாக உயர்த்தியது. அலிஸ்டர் அந்தோனி பெரேரா வழக்கில் 2012 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையைக் குறைக்க மறுத்தது; மூன்று ஆண்டு என்பதே மிகக் குறைவு என்றும் வருந்தியது.

இவ்விரு வழக்குகளிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று. இழப்பீடு குடும்பத்தின் உரிமை. அதைக் கொடுத்துவிட்டேன், எனவே என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்பதற்கான விலையாக அது மாறக் கூடாது. ஊரில் ‘பேசி முடித்துக்கொள்வோம்’ என்று வருவோரிடமும் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம் சட்டப்படி சமரசத்துக்கு உட்பட்டதன்று.

கட்டாவிட்டால்?

பணம் கட்டாவிட்டால் சிறைக்குப் போய்விட்டு வருவேன், அதோடு கணக்குத் தீர்ந்தது என்பது பரவலான எண்ணம். இழப்பீட்டைப் பொறுத்தவரை அது தவறு. குமரன் எதிர் கேரள அரசு வழக்கில் (2017), கட்டத் தவறியதற்கான சிறையை அனுபவித்தபின்னும் இழப்பீட்டுத் தொகையை வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறும் அபராதம் என்றால் சிறை முடிந்தபின் வசூலிக்கத் தனிக் காரணங்களை எழுத வேண்டும். இழப்பீட்டு ஆணை இருந்தால் அந்தத் தடை இல்லை.

வசூலிக்கும் வழியைப் புதிய சட்டத்தின் 461ஆம் பிரிவு கூறுகிறது: அசையும் சொத்தைக் கைப்பற்றி விற்க நீதிமன்றம் ஆணை பிறப்பிக்கலாம்; அல்லது நில வருவாய் நிலுவையைப் போல வசூலிக்குமாறு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால், வீரகேரளம்புதூர் மக்கள் இதற்காகத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம்வரை போக வேண்டியதில்லை.

தீர்ப்பாயத்தின் தனிக் கணக்கு

குற்றவியல் நீதிமன்ற இழப்பீடு பெரும்பாலும் சிறிய தொகை. பெரிய தொகைக்கான இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் இந்தக் காலம் கடந்துவிடும். குற்ற வழக்கில் கிடைத்த இழப்பீட்டைப் பின்னர் உரிமையியல் நீதிமன்றம் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 395ஆம் பிரிவே கூறுகிறது. எனவே ஒன்றை வாங்கினால் மற்றொன்று போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை; வாங்கியது கழிக்கப்படும், அவ்வளவே.

தீர்ப்பாயத்தில் வழக்கமாகக் காப்பீட்டு நிறுவனமே பணம் கட்டும். ஆனால் நம் மக்களைக் குறிப்பாகப் பாதிக்கும் ஒரு விலக்கு உண்டு. கூலி வேலைக்குச் செல்வோரைச் சரக்கு வண்டிகளிலும் லோடு ஆட்டோக்களிலும் ஏற்றிச் செல்வது நம் சாலைகளில் அன்றாடக் காட்சி. சரக்கு வாகனத்தில் வெறுமனே பயணம் செய்தவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் ஆஷா ராணி வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது எஞ்சியிருப்போர் உரிமையாளரும் ஓட்டுநரும் மட்டுமே. இத்தகைய வழக்குகளில் குற்றவியல் நீதிமன்றத்தின் இழப்பீட்டு வரிக்கு மதிப்புக் கூடுகிறது.

சாதி எங்கே நுழைகிறது?

எல்லா விபத்தும் வன்கொடுமை ஆகாது. வேண்டுமென்றே வாகனத்தை ஏற்றினால், அல்லது மோதியபின் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், தாக்கினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 பொருந்துமா என்பதை ஆராய வேண்டும். பொருந்தினால் 1995ஆம் ஆண்டு விதிகளின்படி அரசே நிவாரணம் வழங்கும். அது குற்றவாளி தரும் இழப்பீட்டிலிருந்து முற்றிலும் வேறான கணக்கு. சான்று இல்லாத இடத்தில் அச்சட்டத்தை வலிந்து புகுத்துவது உண்மையான வழக்குகளுக்கே ஊறு விளைவிக்கும்.

மற்ற வழக்குகளில் சாதி கண்ணுக்குத் தெரியாமல் இயங்குகிறது. மோதியவர் நிலம் உடையவர், இறந்தவர் அவர் வயலில் வேலை பார்ப்பவர் என்றால், சாட்சி சொல்ல யார் வருவார்? இரத்தப் பரிசோதனை உரிய நேரத்தில் நடந்ததா என்று யார் கேட்பார்? நீதிமன்றத்தில் குடும்பத்தின் சார்பாகப் பேசுபவர் அரசு உதவி வழக்குரைஞர். தண்டனை பற்றிய வாதத்தின்போது அவர் இழப்பீட்டைக் கேட்கவில்லை என்றால், பின்வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு அங்கே குரல் இல்லை. சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தும் அந்த ஒரு வரி சிலருக்கு மட்டும் எழுதப்படாமல் போவது இப்படித்தான்.

செய்ய வேண்டியவை

முதலாவது, சட்ட உதவி. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. இதைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் தேவையில்லை.

இரண்டாவது, தீர்ப்புக்கு முன்பே மனு. 395ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு கோரி எழுத்துமூலம் அரசு உதவி வழக்குரைஞரிடமும் நீதிமன்றத்திடமும் கொடுக்க வேண்டும். மருத்துவச் செலவு ரசீதுகள், கூலி விவரம், குற்றவாளியின் வாகனம், நிலம், வருமானம் பற்றிய தகவல் ஆகியவற்றை இணைக்க வேண்டும். செலுத்தும் திறனை நீதிபதி ஆராய வேண்டும் என்பதால் கடைசித் தகவல் முக்கியம்.

மூன்றாவது, வாரிசுச் சான்றிதழ். வட்டாட்சியர் அலுவலகத்தில் இதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பணம் வைப்பில் இருந்தும் சான்றிதழ் இல்லாமல் எடுக்க முடியாத நிலை வரக் கூடாது. வங்கிக் கணக்கு உரியவரின் பெயரிலேயே இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதோரின் இழப்பீட்டை இடைத்தரகர்கள் சுரண்டாதபடி நிரந்தர வைப்பில் இட வேண்டும் என்று சூசம்மா தாமஸ் வழக்கிலேயே (1994) உச்ச நீதிமன்றம் வழிகாட்டியுள்ளது.

நான்காவது, தீர்ப்பு நகல். அதில் மூன்று விடைகளைத் தேட வேண்டும்: அபராதம் எவ்வளவு, அதில் இழப்பீடு எவ்வளவு, யாருக்கு. இழப்பீடு போதாது என்றால் மேல்முறையீடு செய்யப் பாதிக்கப்பட்டவருக்கே உரிமை உண்டு. புதிய சட்டத்தில் அது 413ஆம் பிரிவு. அந்த மேல்முறையீட்டுக்கு அரசின் தயவு தேவையில்லை. 395இன்கீழ் கிடைத்தது போதாது என்று விசாரணை நீதிமன்றம் கருதினால், 396ஆம் பிரிவின்கீழ் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் பரிந்துரைக்கவும் செய்யலாம்.

ஐந்தாவது, பணத்தைப் பின்தொடர்தல். தொகை கட்டப்பட்டதா, எந்த நாளில், எந்தக் கணக்கில் என்பதை நீதிமன்ற அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்க வேண்டும். கட்டப்படவில்லை என்றால் வசூல் ஆணை கோரி மனுச் செய்ய வேண்டும்.

சட்டம் பயிலும் மாணவர்களுக்கும் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டத்து நீதிமன்றத்தில் கடந்த சில ஆண்டுகளில் முடிந்த உயிரிழப்பு விபத்து வழக்குகளின் தீர்ப்புகளைத் திரட்டுங்கள். எத்தனை தீர்ப்புகளில் அபராதம் உண்டு, எத்தனையில் இழப்பீட்டு வரி உண்டு, எத்தனையில் பணம் உரியவரின் கைக்குப் போனது என்று மூன்று பத்திகளில் எழுதுங்கள். அந்தப் பட்டியலைச் சட்டப் பணிகள் குழுவின் முன் வையுங்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் பெயரும் ஊரும் உடைய ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுக் கதவைத் தட்டி, உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது என்று சொல்வதும் உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதியே.